ட்ரையரைத் தூக்கி எறியச் சொல்பவர்களுக்கு

"பத்து வருஷம் கடந்த ட்ரையருக்குக் காசு செலவழிக்காதேங்கோ. பாகம் கிடைக்காது. கிடைச்சாலும் அந்த விலைக்குப் புதுசே எடுக்கலாம்." ரொறொன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழ் வீடுகளில் இந்த அறிவுரை வேதவாக்காகிவிட்டது. கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணை சொல்கிறார். மெசினைப் பார்க்க வந்தவர்கூட இதையே சொல்லிவிட்டு, வந்ததற்கான கூலியை வாங்கிக்கொண்டு போகிறார். மேல்வீட்டில் ஒரு குடும்பமும் பேஸ்மென்ட்டில் இன்னொரு குடும்பமும் ஒரே ட்ரையரைப் பாவிக்கும் வீட்டில், தை மாதக் குளிரில், மெசின் நின்றுபோன மறுநாள் யாருக்கும் நின்று யோசிக்க அவகாசம் இருப்பதில்லை. கிரெடிட் கார்டில் புது மெசின் வந்து இறங்குகிறது. பழையது வீதியோரத்துக்குப் போகிறது. அப்படிப் போகிற ட்ரையர்களில் பெரும்பாலானவை ஒரு சிறு பாகத்தை மாற்றினால் இன்னும் பல வருஷம் ஓடக்கூடியவை. இந்த அறிவுரை தவறு என்று நான் நினைக்கிறேன். அது சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, பழைய மெசினுக்குப் பாகம் கிடைக்காது என்பது. வீட்டுச் சாமான்களில் ட்ரையருக்குத்தான் பாகம் தேடுவது மிகச் சுலபம். உள்ளே இருப்பது ஒரு மோட்டர், உருளையைச் சுற்றிய ஒரு பெல்ட், உருளையைத் தாங்கும் சின்னச் சக்கரங்கள், காற்றை இழுக்கும் விசிறி, சூடாக்கும் எலிமென்ட், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை வெட்டும் இரண்டு மூன்று சிறு கருவிகள். வேர்ள்பூல் கம்பெனியின் 29 அங்குல அகல ட்ரையரை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு பிடிக்கும் வலையை மேல்பக்கத்தால் இழுத்து எடுக்கும் வகை அது. பல பத்தாண்டுகளாக அதன் உள்ளமைப்பு பெரிதாக மாறவில்லை. அதற்கான பெல்ட்டின் எண் 341241, எலிமென்ட்டின் எண் 279838, வெப்ப ஃபியூஸின் எண் 3392519. இருபது வருஷப் பழைய மெசினுக்கும் இந்த எண்களைச் சொல்லி வாங்கிப் பூட்டலாம்.

மெசினின் முகப்பில் எழுதியிருக்கும் பெயர்தான் பலரைக் குழப்புகிறது. சியர்ஸ் கனடாவின் கடைசிக் கடைகள் 2018 ஜனவரியில் மூடப்பட்டபோது, கென்மோர் மெசின் வைத்திருந்த எத்தனையோ பேர் இனிப் பாகம் இல்லை என்று முடிவுகட்டினார்கள். கென்மோர் என்பது சியர்ஸ் ஒட்டிய பெயர் மாத்திரம். செய்தவர்கள் வேறு கம்பெனிக்காரர்கள். மொடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் 110 என்று இருந்தால் அதைச் செய்தது வேர்ள்பூல், 796 என்றால் எல்ஜி, 417 என்றால் பிரிஜிடேர். மேட்டாக் கம்பெனியை வேர்ள்பூல் 2006-இல் வாங்கிவிட்டது. அமானா, றோப்பர் பெயர்களும் அதே குடும்பந்தான். நம் ஊர்ப் பழைய வீடுகளில் இன்னும் காணப்படும் இங்லிஸ் மெசின்களும் அப்படியே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதே ரொறொன்ரோவில் பிரென் துப்பாக்கி செய்த கம்பெனி அது. 1987-இல் வேர்ள்பூலின் கைக்குள் வந்தது. ஆகவே முகப்பில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கதவைத் திறந்து விளிம்பில் ஒட்டியிருக்கும் சிறு தாளைப் பாருங்கள். அதில் மொடல் எண், தொடர் எண் என்று இரண்டு இருக்கும். பாகம் தேட வேண்டியது மொடல் எண்ணைக் கொண்டு. கனடாவுக்கென வந்த வேர்ள்பூல் மின்சார ட்ரையர்களில் அந்த எண் பெரும்பாலும் ஆங்கில வை எழுத்தில் தொடங்கும். அமெரிக்கப் பட்டியலில் அந்த எழுத்தோடு அகப்படாவிட்டால் அதை விட்டுவிட்டுத் தேடிப் பார்க்கலாம். கடைசி இலக்கத்தை மட்டும் விடக் கூடாது. அது கம்பெனி உள்ளே செய்த மாற்றத்தைக் குறிக்கிறது, அதற்கேற்பப் பாகமும் மாறலாம்.

பாகத்தின் எண்ணும் காலத்தோடு மாறும். 3392519 என்ற ஃபியூஸ் இப்போது டபிள்யூபி என்ற இரண்டு எழுத்துகளை முன்னால் சேர்த்துக்கொண்டு வருகிறது. பழைய எண்ணைப் போட்டு, "தயாரிப்பில் இல்லை" என்ற வரியைக் கண்டதும் திரும்பிவிடுபவர்கள் பலர். அதற்குக் கீழே, எந்த எண் அதற்குப் பதிலாக வந்தது என்று எழுதியிருக்கும். கொரிய மெசின்களுக்குப் பாகமே இல்லை என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கிறேன். சாம்சுங் ட்ரையர்கள் பலவற்றில் இருக்கும் எலிமென்ட்டுக்கு டிசி47-00019ஏ என்பது எண். அதைச் சொல்லிக் கேட்டால் எந்தப் பாகக் கடையிலும் எடுத்துத் தருவார்கள்.

இரண்டாவது காரணம் விலை. எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். திருத்தும் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்று ஒரு கணக்குப் புழக்கத்தில் இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த விலையை எந்த விலையோடு ஒப்பிடுகிறோம் என்பதில் ஏமாந்துபோகிறோம். ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். புது ட்ரையர் 800 டொலர் என்று வைத்துக்கொண்டால், ஒன்ராறியோவின் 13 சதவீத வரியோடு 904. கொண்டுவந்து இறக்கும் கூலி, புதுக் குழாய், நீட்டிப்பு உத்தரவாதம் என்று கடையில் தலையில் கட்டுபவை எல்லாம் இதற்குமேல். திருத்துபவர் வந்து பார்க்க 110, வேலைக்கு 90, எலிமென்ட்டுக்கு 80, ஆக 280. வரியோடு 316 சொச்சம். புது விலையில் மூன்றிலொரு பங்கைவிடச் சற்றே அதிகம். இதே பில்லில் அந்த எலிமென்ட்டுக்கு 80-க்குப் பதிலாக 180 என்று போட்டால் மொத்தம் 429 ஆகிவிடும். அரைவாசியை நெருங்கிவிட்டது, இனிப் புதிது வாங்குவதே புத்தி என்று வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். மெசின் ஒன்றுதான், பழுதும் ஒன்றுதான். பாகத்தின் விலையை அவர் வேறெங்கும் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாகத்தின் எண் கையில் இருந்தால் அந்த விலையை ஐந்து நிமிஷத்தில் மூன்று கடைகளில் விசாரிக்கலாம். ஒரே எண்ணுக்கு ஒரு கடையில் ஒரு விலையும் இன்னொன்றில் அதைவிட இரு மடங்கும் சொல்வது சர்வசாதாரணம். எதோடு சேர்த்து விற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 29 அங்குல வேர்ள்பூலுக்கு 4392065 என்ற எண்ணில் பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் கப்பி, தாங்கு சக்கரங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். தனித்தனியே வாங்குவதைவிட அது மலிவு. கிறீச்சிடும் மெசினைத் திறந்த பிறகு ஒன்றை மட்டும் மாற்றி மூடுவதில் அர்த்தமும் இல்லை.

திருத்துபவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு வாகனச் செலவு இருக்கிறது, பாகத்தை வாங்கி வைத்திருக்கும் முதல் இருக்கிறது. லாபம் வைக்கத்தான் வேண்டும். பில்லில் பாகத்தின் எண்ணையும் அதன் விலையையும் கூலியையும் வெவ்வேறாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையான தொழிலாளி அதற்குக் கோபிக்க மாட்டார். வேலை தொடங்கமுன் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உடன்படிக்கையில் மதிப்பீடு இருந்தால் இறுதிக் கட்டணம் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. மொழி தெரியாதென்று நம் பெரியவர்கள் கேட்காமல் விடும் உரிமை இது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக் கொடுக்க வேண்டும்.

விலை வீங்குவதற்கு இன்னொரு வழி, ஊகித்துப் பாகம் வாங்குவது. உருளை சுற்றுகிறது, சூடு வரவில்லை என்றதும் எலிமென்ட் போய்விட்டது என்கிறார்கள். மின்சார ட்ரையரில் எலிமென்ட் 240 வோல்ட்டில் வேலை செய்கிறது, மோட்டர் அதில் பாதியான 120-இல் ஓடுகிறது. இரட்டை பிரேக்கரில் ஒரு பக்கம் மட்டும் விழுந்துவிட்டால் மோட்டர் ஓடும், சூடு வராது. பிரேக்கரை முழுதாக அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை. அதிலும் சரிவராவிட்டால் சுவரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, சாதாரண மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம். 5400 வாட் எலிமென்ட் நல்ல நிலையில் இருந்தால் ஏறத்தாழ 10 ஓம் காட்டும். வெப்ப ஃபியூஸ் கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். மெசின் அசையவே இல்லையென்றால் மோட்டர் எரிந்துவிட்டது என்று பயமுறுத்துவார்கள். வேர்ள்பூல் மின்சார மெசின்கள் பலவற்றில், விசிறிக் கூட்டின்மேல் இருக்கும் அந்த 3392519 ஃபியூஸ் போனாலே மோட்டருக்கு மின்சாரம் போகாது. மிக மலிவான பாகங்களில் ஒன்று அது. அதை அளந்து பார்க்காமல் மோட்டரின் விலையைப் பேசுபவரை நம்பாதீர்கள்.

கம்பெனிப் பாகந்தான் போட வேண்டும், மற்றதெல்லாம் ஆபத்து என்ற வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெல்ட்டுக்கும் தாங்கு சக்கரத்துக்கும் வேறு தயாரிப்பு தாராளமாகப் போதும். கெட்டுப்போனால் சத்தம் வரும் அல்லது உருளை நிற்கும், வேறொன்றும் நடக்காது. வெப்ப ஃபியூஸ், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஆகியவை உயிர் காக்கும் பாகங்கள். அந்த ஃபியூஸ் 91 பாகை செல்சியஸில் அறுந்துபோக வேண்டும், அதற்காகவே அது இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் விற்கும் ஃபியூஸ் அந்தச் சூட்டில் அறுமா என்று வீட்டில் யாராலும் சோதிக்க முடியாது. அங்கே மட்டும் காசு பார்க்காதீர்கள். கடைப் பட்டியலில் எண்ணைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் "இதற்குப் பதிலாகப் பாவிக்கலாம்" என்று எழுதியிருந்தால் அது கம்பெனிப் பாகமே இல்லை. கம்பெனி விலைக்கு அதை விற்றால் வாங்காதீர்கள். காஸ் ட்ரையரின் காஸ் பக்கத்தில் கை வைப்பதோ வேறு விஷயம். ஒன்ராறியோவில் அதற்குச் சான்றிதழ் பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும்.

ஒன்று போனால் அடுத்தடுத்து எல்லாம் போகும் என்பதும் சேர்ந்தே வருகிறது. இன்று ஃபியூஸ் மாற்றினோம், அடுத்த மாதம் அதே ஃபியூஸ் போனது, மெசினுக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள். போய் வெளிச்சுவரில் காற்று வரும் வாயைப் பாருங்கள். பஞ்சு அடைத்து மூடியே திறக்காமல் இருக்கும். சுவருக்குள் ஓடும் குழாயில் பஞ்சு சேர்ந்தால் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் திரும்புகிறது, ஃபியூஸ் தன் வேலையைச் செய்து அறுகிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான தரவைக் கொண்டு, வீட்டு ட்ரையர் தீ விபத்துகளுக்கு முதன்மைக் காரணம் துப்புரவாக்காமல் விட்டதே என்று கண்டது. 34 சதவீதம் அதனால் நேர்ந்தவை. அடைத்த குழாயில் புது மெசினைப் பூட்டினால் அந்த ஆபத்து அப்படியே இருக்கும். வெள்ளை நிறப் பிளாஸ்டிக் சுருள் குழாய் இருந்தால் இன்றே கழற்றி, நான்கு அங்குல உலோகக் குழாய் போடுங்கள். எந்தப் பாகத்துக்கும் முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

புது மெசின் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்ற வாதத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. எனர்ஜி ஸ்டார் முத்திரை பெற்றவை வழக்கமானவற்றைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக எடுக்கும் என்கிறார்கள். வெப்ப விசையியக்கி வைத்தவை இன்னும் குறைவாக எடுக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ட்ரையரோ உங்கள் பழையதைப் போலவே எலிமென்ட்டைச் சூடாக்கிக் காற்றை வெளியே தள்ளுவதுதான். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருப்பவர்கள் கிழமை நாட்களில் மாலை 7 மணிக்குப் பிறகோ வாரக் கடைசியிலோ உடுப்புக் காயவைத்தால், உச்ச நேரத்தோடு பார்க்க யூனிட் விலை பாதியளவே வரும். அதற்கு மெசினை மாற்ற வேண்டியதில்லை.

இந்த அறிவுரை சரியாக இருக்கும் இடமும் உண்டு. உருளை வெடித்திருந்தால், மோட்டரும் தாங்கிகளும் ஒன்றாகப் போயிருந்தால், எலெக்ட்ரோனிக் கன்ட்ரோல் போர்ட் எரிந்து அதன் தயாரிப்பும் நின்றுபோயிருந்தால், புதிது வாங்குவதே நல்லது. போர்ட்தான் உண்மையான பிரச்சினை. பெல்ட்டைப் போல அதை வேறு கம்பெனிகள் பெரும்பாலும் செய்து விற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை முதல், ட்ரையர் செய்பவர்கள் குறிப்பிட்ட பாகங்களைக் குறைந்தது பத்து வருஷத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். கியூபெக் 2023 அக்டோபரில் நிறைவேற்றிய சட்டமும் பாகம் கிடைப்பதைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் அது கியூபெக்குக்கு மட்டும். முன்கூட்டியே அறிவித்துவிட்டு விலகிக்கொள்ளும் வழியும் அதில் விற்பவருக்கு இருக்கிறது. ஆகவே புதிது வாங்கியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், கடையில் காசு கட்டமுன் அந்த மொடலின் எலிமென்ட், பெல்ட், கன்ட்ரோல் போர்ட் மூன்றுக்கும் விலை விசாரியுங்கள். போர்ட்டுக்கு விலையே சொல்ல முடியாவிட்டால், அல்லது அது மெசின் விலையில் பாதியாக இருந்தால், அந்த மொடலை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் திருகு பொத்தான் வைத்த சாதாரண மெசினின் மொடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.