செய்நிரல் குடிபெயர்ந்த கதை

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைத் தேநீர் ஆறுவதற்கு முன்னரே எமது படலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. முன்னர் எம்மிடம் கணிதம் பயின்று, இப்பொழுது கணனித் துறையிற் படித்துக்கொண்டிருக்கும் மாணாக்கன். கையில் மூன்று தாள்கள். மூன்றிலும் இடைவெளி இல்லாமல் ஆங்கில வரிகள்.

"சேர், நாற்பத்தேழு பிழை காட்டுது" என்றான். வகுத்தற் கணக்குப் பிழைத்த நாள்களில் நாம் கண்ட அதே முகம்.

விடயம் இதுதான். நூல்நிலையத்தில் இரவல் கொடுக்கும் புத்தகத்தினுள் வைக்கும் சிட்டையை அச்சிடுவதற்கு, பிறநாட்டார் ஒருவர் சிறு செய்நிரல் ஒன்றை எழுதியிருந்தார். யாவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று அதன் மூலத்தையும் வெளியிட்டிருந்தார். இத்தகையதைத் திறந்த மூல மென்பொருள் என்பர். அவர் எழுதியது ஓப்பன்பிஎஸ்டி என்னும் பணிசெயல் முறைமைக்கு. எமது கல்லூரி நூல்நிலையத்துப் பழைய கணனியில் இருப்பதோ லினக்ஸ். அதனை இங்கே குடியேற்றுவதே தம்பியின் பரீட்சைக்குரிய வேலை. பரீட்சகர் வருவதற்குப் பதினொரு நாள்கள் இருந்தன.

கணனி என்றதும் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீடு மாறியவர் யாவரும் அறிந்த சங்கதியே இது. சொந்த வீட்டில் இருப்பவர், "லாச்சியிலே கத்தரிக்கோல் இருக்கிறது, எடு" என்கிறார். அந்தச் சொல் அந்த வீட்டில் மட்டுமே செல்லும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. புதிய வீட்டில் லாச்சி இராது. அல்லது லாச்சி இருக்கும், கத்தரிக்கோல் இராது. செய்நிரல் எழுதுபவரும் தம்முடைய முறைமை தருவன யாவும் உலகமெங்கும் உண்டென்று எண்ணியே எழுதிவிடுகிறார்.

அதிலும் இவ்விரு முறைமைகளும் உறவினர் போல்வன. யுனிக்ஸ் என்பது 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. அதிலிருந்து கலிபோர்னியாவின் பேர்க்லி சர்வகலாசாலை வழியாகக் கிளைத்த குடும்பத்திலே, 1995இல் தியோ டி ராட் என்பவர் தொடங்கியது ஓப்பன்பிஎஸ்டி. லினக்ஸோ, 1991இல் லீனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் யுனிக்ஸின் சாயலிற் புதிதாக எழுதத் தொடங்கியது. சாயல் ஒன்றாயிருப்பதே சங்கடம். முற்றிலும் வேறான வீட்டில் எவரும் கவனித்தே கால்வைப்பர். தம் வீடு போன்ற வீட்டிலேதான் இருட்டிற் படியைத் தவறவிடுவர்.

செய்நிரல் ஒன்று எழுந்து நடக்கு முன்னர் மூவர் கையைக் கடக்கவேண்டும். எதை எந்த ஒழுங்கிற் செய்வது என்னும் குறிப்பை வாசிக்கும் 'மேக்' முதலாமவர். மனிதர் எழுதிய மூலத்தை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி இரண்டாமவர். துண்டுகளைப் பொருத்தி, வெளியிலிருந்து வேண்டியவற்றைத் தேடிச் சேர்க்கும் இணைப்பி மூன்றாமவர். எவர் முறையிடுகிறார் என்பதை அறிந்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். தம்பி முதலாமவரை ஏற்கெனவே கடந்திருந்தான். பிஎஸ்டிக் குடும்பத்து மேக் குறிப்பை லினக்ஸிலுள்ள குனூ மேக் வாசிக்கமாட்டாமல், 'பிரிப்பான் காணவில்லை' என்று சொல்லி நின்றுவிட்டது. அவன் அக்குறிப்பைக் குனூ முறையிற் புதிதாக எழுதிக்கொண்டான். தாள்களில் இருந்தவை தொகுப்பியின் முறைப்பாடுகள்.

"நாற்பத்தேழையும் வாசிக்காதே தம்பி. முதலாவதை மட்டும் வாசி" என்றோம்.

முதலாவது, பட்டியல் ஒன்றைச் சுற்றி வரும்போதே அதிலுள்ள ஒன்றை ஆபத்தின்றி நீக்குவதற்குப் பயன்படும் ஒரு சுருக்குச்சொல் பற்றியது. அஃது ஓப்பன்பிஎஸ்டியில் ஒரு தலைப்புக் கோப்பில் உண்டு. லினக்ஸிலும் அதே பெயரில் அதே கோப்பு உண்டு; அந்தச் சொல் மட்டும் அதில் இல்லை. கடையும் உண்டு, பெயர்ப்பலகையும் உண்டு, வேண்டிய சாமான் மாத்திரம் இல்லை. தெரியாத சொல்லைக் கண்ட தொகுப்பி ஏதோ ஊகித்துக்கொண்டு மேலே சென்று, அந்த ஊகம் பொருந்தாத இடமெல்லாம் அரைப்புள்ளி இல்லை, அடைப்பு இல்லை என்று புலம்பியிருந்தது. அரைப்புள்ளிகள் யாவும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைத் தேடித் தம்பி முழு இரவு கண்விழித்திருந்தான். அந்தச் சுருக்குச்சொல்லின் நாலைந்து வரிகளை எடுத்துவந்து சேர்த்தோம். 47 வழுக்களும் ஒருங்கே மறைந்தன.

இப்பொழுது இணைப்பியின் முறை. 'இப்பெயர் எங்கும் இல்லை' என்று மூன்று பெயர்களை அது சொல்லிற்று. முதலிரண்டு, பிளெட்ஜ், அன்வெயில் என்பன. ஓப்பன்பிஎஸ்டியில் 2016இலும் 2018இலும் முறையே வந்தவை இவை. செய்நிரல் தொடங்கும்போதே, "இன்ன இன்ன வேலை மட்டுமே செய்வேன், இன்ன கோப்புக்களை மட்டுமே பார்ப்பேன்" என்று விரதம் எடுத்துக்கொள்ள உதவுவன. லினக்ஸில் இப்பெயர்களில் ஒன்றும் இல்லை. அவ்வரிகளை எடுத்துவிட்டு, 'ஓப்பன்பிஎஸ்டியில் இருந்த காவல் இங்கே இல்லை' என்று விளக்கக் குறிப்பின் முதற்பக்கத்திலேயே எழுதச் சொன்னோம். இதுவரை நாம் நடந்துகொண்டது ஒழுங்குதான்.

மூன்றாவது பெயரிலேதான் நாம் தவறினோம். அதன் பெயரைத் தமிழ்ப்படுத்தினால் 'ஸ்ட்ர்-எல்-கொப்பி' என்று வரும். எழுத்துச்சரம் ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுக்கும் சார்பு அது. லினக்ஸில் 'ஸ்ட்ர்-என்-கொப்பி' என்று வேறொன்று உண்டு என்பது எமக்கு நினைவிருந்தது. இரண்டுக்கும் மூன்றே உள்ளீடுகள், ஒரே வரிசை, பெயரிலும் ஓரெழுத்தே வேறுபாடு. "எல் வருமிடமெல்லாம் என் என்று கொள்ளும்படி ஒரு வரி எழுதிவிடு" என்றோம். எழுதினான். வழு ஒன்றுமில்லை. ஆங்கில நூல்களின் பெயரைக் கொடுத்து ஆறேழு சிட்டைகள் அச்சிட்டுப் பார்த்தோம், யாவும் செம்மை. தம்பி மகிழ்ச்சியோடு சைக்கிளேறினான். நாமும் எமது கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு மத்தியான உணவுக்கு எழுந்தோம்.

மூன்றாம் நாள் நூலகர் ஒரு சிட்டையோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். "மாஸ்டர், இந்தப் பிள்ளை எப்ப இரசாயனவியல் புத்தகம் எழுதினது?" என்று கேட்டார். சிட்டையில் நூலின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'இரசாயனவியல' என்றும், அதன்மேல் ஒரு கறுப்புக் கட்டமும், அதை ஒட்டியே பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் முழுப்பெயரும் இருந்தன. அந்த நூலை அவளே முன்னர் இரவல் பெற்றிருந்தாள். நகைத்துவிட்டுப் போகக்கூடிய காரியமன்று இது. யார் எதை வாசித்தார் என்பது நூலகருக்கும் வாசித்தவருக்கும் உரியது. அடுத்து வருபவர் கையிற் கொடுக்கும் செய்தியன்று.

தமிழெழுத்துருவின் கோளாறு என்று எண்ணி, தம்பி இரண்டு நாள் அச்சியந்திரத்தோடு மல்லுக்கட்டினான். வெள்ளி மாலையிலேதான் இருவருமாக இருந்து உண்மையைக் கண்டோம்.

நூற்பெயருக்கு அச்செய்நிரலில் 32 பைட்டு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அடுத்த இடம் இரவல் பெற்றவரின் பெயருக்கு. எழுத்துச்சரம் எங்கே முடிகிறது என்பதைக் கணனிக்கு அறிவிப்பது, இறுதியில் வைக்கும் சுழியப் பைட்டு ஒன்றே. எல்-கொப்பி, இடம் போதாவிட்டாற் சரத்தை வெட்டி, சுழியத்தை எப்பொழுதும் வைத்து முடிக்கும். என்-கொப்பி இடம் நிரம்பினாற் சுழியம் வையாது. அது கெட்ட சார்பு என்று கொள்ளற்க. பழைய யுனிக்ஸிற் கோப்பின் பெயருக்கு 14 எழுத்துக்குரிய நிலையான கட்டம் இருந்தது. அத்தகைய கட்டங்களை நிரப்பவே அது பிறந்தது. அந்த வேலைக்கு இறுதிச் சுழியம் வேண்டியதில்லை. நாமே அதனை அதற்குரியதல்லாத வேலையில் அமர்த்தினோம்.

ஆங்கிலத்தில் அந்நூலின் பெயர் 9 பைட்டுக்குள் அடங்கிவிடும். தமிழிலோ 'இரசாயனவியல்' என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்தாயினும், யுனிகோட்டில் உயிர்மெய்யின் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு 11 குறியீடுகளாகும். யூரிஎப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு, ஆக 33. ஒதுக்கிய இடத்திலும் ஒன்றே கூட! கடைசிப் புள்ளியின் மூன்றாம் பைட்டு வெட்டுண்டது; சுழியத்துக்கு இடமில்லை; அச்சியந்திரம் நிற்பாட்டு இல்லாத வண்டி போல அடுத்த வீட்டுக்குள் ஓடி, அங்கிருந்த பெயரையும் வாசித்துவிட்டது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த எமக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

மூலத்தில் அந்த ஒரு வரியைத் திறந்து பார்த்தபோது, அதன் பக்கத்தில் 'சேர் சொன்னது' என்று தம்பி குறித்து வைத்திருந்ததைக் கண்டோம். அவ்வளவு நாளும் அவன் எம்மிடம் அதைச் சொல்லவில்லை.

பரிகாரம் எளிது, முதல் நாளே அதைச் செய்திருக்கலாம். எல்-கொப்பியின் மூலமும் திறந்த மூலமே. 1998இல் ஓப்பன்பிஎஸ்டியில் வந்தது. அதனை ஆக்கிய டொட் மில்லரும் தியோ டி ராட்டும் 1999இல் அதுபற்றிக் கட்டுரையும் எழுதினர். கணனிகளுக்கிடையே பாதுகாப்பாகப் பேச உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் என்பதும் ஓப்பன்பிஎஸ்டியில் வளர்வதுதான். அதனைப் பிற முறைமைகளுக்குக் கொண்டுசெல்வோர், அங்கே இல்லாதவற்றைத் தனி அடைவு ஒன்றிற் கூடவே கட்டிக்கொண்டு போகின்றனர். அதில் எல்-கொப்பியும் உண்டு. புகுந்த வீட்டில் அம்மி இராது என்று தெரிந்தவர் அம்மியையும் வண்டியில் ஏற்றுவது போல. நாமும் அச்சிறு கோப்பை எடுத்துச் சேர்த்தோம். லினக்ஸின் குனூ நூலகத்தில் இச்சார்பு 2023இல், 2.38ஆம் பதிப்பிலேதான் இடம்பெற்றது. எமது நூல்நிலையத்துக் கணனி அதற்கு மூத்தது. அந்நூலகத்தார் அதை நெடுங்காலம் ஏற்க மறுத்ததற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று, சத்தமின்றி வெட்டுவதும் ஒரு பிழையை மறைப்பதே என்பது. அது முற்றிலும் நியாயமற்ற வாதமன்று என்பதை இந்தப் புள்ளியே எமக்குக் காட்டிற்று.

சத்தமின்மை பற்றி இன்னும் ஒன்று. பல முறைமைகளில் இயங்கவேண்டிய மென்பொருள்கள், கட்டப்படுமுன் சிறு சோதனை நிரல்களைத் தொகுத்துப் பார்க்கும். தொகுபட்டால் அந்த வசதி இவ்வீட்டில் உண்டு. தொகுபடாவிட்டால் இல்லை என்று கொண்டு, எவருக்கும் சொல்லாமல் மேலே செல்லும். எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளைப் பராமரித்தோருள் ஒருவராய்ப் புகுந்தவர், அத்தகைய சோதனை நிரல் ஒன்றில் ஒற்றைப் புள்ளியை வேண்டுமென்றே இட்டுவைத்தார். அது தொகுபடவே இல்லை. லினக்ஸின் காவல் வசதி ஒன்று இல்லையெனக் கொள்ளப்பட்டு விடப்பட்டது. அதே ஆள் அம்மென்பொருளில் ஒளித்துவைத்த கள்ளக் கதவை, 2024 மார்ச்சில் அன்ட்ரெஸ் புரொயின்ட் என்னும் பொறியியலாளர் கண்டுபிடித்தார். தொலைக்கணனிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகச் சென்றதே அவருக்கு ஐயத்தைத் தந்தது. புள்ளியோ எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. தொகுப்பி அதைப் பற்றி ஒவ்வொரு முறையும் முறையிட்டுக்கொண்டுதான் இருந்தது. அம்முறைப்பாட்டைக் கேட்பதற்கு எவரும் அங்கே இல்லை.

சனிக்கிழமை இரவு மீண்டும் சிட்டை அச்சிட்டோம். மாணவியின் பெயர் போயிற்று. 'இரசாயனவியல' என்னும் பெயரும் கறுப்புக் கட்டமும் நின்றன. எல்-கொப்பி, மூலச்சரத்தின் முழு நீளத்தையும் விடையாகத் தரும். அந்த விடை ஒதுக்கிய இடத்துக்குக் குறையாதிருந்தால் வெட்டு விழுந்தது என்று பொருள். அதனைப் பார்த்து எச்சரிக்கும்படி தம்பி இரண்டு வரி எழுதினான். நூற்பெயருக்குரிய இடத்தையும் 32இலிருந்து 256 ஆக்கினான். அடுத்த சிட்டையில் ல் தன் புள்ளியோடு வந்தது.

பழைய வரியை அழித்துவிட்டு, பக்கத்திலிருந்த குறிப்பையும் அழிக்கவா என்று கேட்டான். பரீட்சகர் கேட்டால் விடை சொல்ல நாமே வருகிறோம், இருக்கட்டும் என்றோம்.