பதிலுக்கு வந்தவர்

தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின் வடம் பிடித்தவர் இன்னாரென்று எவரும் கேட்பதில்லை. சக்கரத்தின் அருகே குனிந்து கட்டை போட்டுத் தேரைத் திருப்பியவரை நினைப்பார் அதனினும் அரியர். உலகம் முன்னே நிற்பவரைக் கண்டு கைகூப்பும். பின்னே காத்திருந்து, வேளை வந்தபோது தோள் கொடுத்தவரை எளிதில் மறந்துவிடும். இம்மாதம் அத்தகைய ஒருவரைப் பற்றி எழுத விரும்புகின்றோம். அவர் நம் நாட்டவர் அல்லர். அவர் ஆடிய ஆட்டமும் நம் ஆட்டமன்று. ஆயினும் அவர் கதை நம் இல்லங்களுக்கு அந்நியமானதன்று என்பதை அன்பர்கள் படித்து முடிக்கையில் உணர்வர்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளையோ பெண்ணோ மருமகனோ இன்று அமெரிக்காவில் இருக்கின்றனர். விடுமுறைக்கு வரும் அவர்கள் 'ஃபுட்பால்' என்று பேசத் தொடங்கினால் நாம் நினைப்பது ஒன்று, அவர்கள் சொல்வது மற்றொன்று. அந்த ஆட்டத்தைப் பற்றி இப்பகுதியில் எழுத வேண்டுமென்று அன்பர் சிலர் கேட்டிருந்தனர். ஆகவே முதலில் ஆட்டத்தின் இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

மைதானம் 100 கஜ நீளம். பக்கத்துக்கு 11 பேர். பந்து உருண்டையானதன்று, இரு முனையும் கூரியது. காலால் உதைப்பது சிறிதே. கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே பெரும்பாலும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அந்நான்கிற்குள் 10 கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்பு. முன்னேறாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் ஒன்று. தொலைவிலிருந்தே கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளிகள் பெறுவதும் உண்டு. இவ்வளவையும் நடத்துபவர் 'குவார்ட்டர்பேக்' எனப்படுவார். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் அவர் கைக்கே வரும். எவரிடம் கொடுப்பது, எவருக்கு எறிவது என்று இமைப்பொழுதில் முடிவு செய்பவர் அவரே. நமது பாஷையில் சொன்னால் அவர்தாம் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் கொடி காட்டாமல் வண்டி நகராது.

இனிக் கதைக்கு வருவோம். தென் மாநிலமான ஃபுளோரிடாவில் மயாமி என்றொரு கடற்கரை நகரம். அந்நகரின் 'டால்பின்ஸ்' அணி 1966இல் தோன்றியது. தொடக்க ஆண்டுகளில் தோல்வியே அதன் வாடிக்கையாக இருந்தது. 1970இல் டான் ஷுலா என்பவர் தலைமைப் பயிற்சியாளராக வந்தார், அணி நிமிர்ந்தது. 1972 ஜனவரியில் 'சூப்பர் பவுல்' என்னும் இறுதிப் பந்தயம் வரைக்கும் சென்றது. அங்கே டல்லாஸ் அணியிடம் 24-3 என்று தோற்றுத் திரும்பியது. அப்பந்தயத்துக்கு முன் டல்லாஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி, மயாமியின் தடுப்பாட்டக்காரர்களின் பெயர்கள் தமக்கு நினைவில் இல்லை என்ற பொருள்படப் பேசினார். அதனால் அத்தடுப்புப் படைக்குப் 'பெயரில்லாப் படை' என்ற பெயரே நிலைத்துவிட்டது! இகழ்ச்சியாக வந்த சொல்லை அவர்கள் விருதாகச் சூட்டிக்கொண்டனர்.

அந்த 1972ஆம் ஆண்டின் பந்தயங்கள் செப்டம்பரில் தொடங்கின. முதல் நான்கையும் மயாமி வென்றது. அக்டோபர் 15ஆம் நாள் ஐந்தாவது பந்தயம்; எதிரணி சான் டியேகோ. ஆட்டத்தின் நடுவே குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி கீழே வீழ்த்தப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. கணுக்கால் மூட்டும் நழுவியது. அணியின் நம்பிக்கை முழுவதையும் தாங்கிய 27 வயது இளைஞர் அவர். மைதானத்திலிருந்து அவரைத் தூக்கிச் சென்றபோது மயாமி மக்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அப்போது பெஞ்சியிலிருந்து எழுந்தவர் ஏர்ல் மோரல். வயது 38. அவ்விளையாட்டில் 38 என்பது நம் உத்தியோகத்தில் ஓய்வுக்கு முந்தின வருஷம் போன்றது. 1956 முதல் ஆடி வருபவர்; சான் ஃபிரான்சிஸ்கோ, பிட்ஸ்பர்க், டெட்ராய்ட், நியூயார்க், பால்டிமோர் என்று ஐந்து ஊர்களைப் பார்த்துவிட்டு ஆறாவதாக மயாமிக்கு வந்தவர். ஓரிடத்தில் வேர் பிடிக்கும் முன் மற்றோரிடத்துக்கு மாற்றல்! பெட்டி படுக்கையைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் எத்தகைய வாழ்வு என்று நம் அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு பால்டிமோர் அணி அவரை வேண்டாமென்று விட்டது. அப்படி விடப்பட்டவரை எடுத்துக்கொள்ள மற்ற அணி கட்டவேண்டிய தொகை 100 டாலர். அந்த 100 டாலரைக் கட்டி அழைத்துக்கொண்டவர் ஷுலா.

ஷுலா அவரை அறியாதவர் அல்லர். 1968இல் ஷுலா பால்டிமோரில் பயிற்சியாளராக இருந்தபோது, புகழ்பெற்ற ஜானி யுனைடஸ் காயமுற்றார். பதிலுக்கு நின்ற மோரல் அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையே பெற்றார். ஆனால் 1969 ஜனவரியில் நடந்த இறுதிப் பந்தயத்தில், எளிதில் வெல்வர் என்று எல்லோரும் எண்ணியிருக்க, நியூயார்க் ஜெட்ஸ் அணியிடம் 16-7 என்று தோற்றனர். மோரல் எறிந்த பந்துகளில் மூன்று எதிரிகளின் கையில் சிக்கின. ஆண்டு முழுதும் செய்த நன்மையை ஒரு பிற்பகல் அழித்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1971 ஜனவரியில், மீண்டும் அதே கட்டம். யுனைடஸ் மீண்டும் காயமுற்றார். மோரல் நடுவில் இறங்கினார். பால்டிமோர் 16-13 என்று டல்லாஸை வென்றது. ஆக, மற்றவருக்கு அடிபட்ட வேளையில் எழுந்து நிற்பதே அவர் தொழிலாகிவிட்டது எனலாம்.

மயாமியிலும் அவ்வாறே நின்றார். அன்று சான் டியேகோவை 24-10 என்று முடித்துவைத்தார். மறுவாரம் பஃபலோவுடன் 24-23. ஒரே புள்ளியில் பிழைத்தனர். பிறகு வெற்றிமேல் வெற்றி. நியூ இங்கிலாந்து அணியை 52-0 என்று வீழ்த்திய நாள் ஷுலாவின் 100ஆவது வெற்றி. டிசம்பரில் கடைசிப் பந்தயம் பால்டிமோருடன். தம்மை வேண்டாமென்று விட்ட அணி! அதையும் 16-0 என்று வென்றனர். ஆக 14 பந்தயங்கள், 14 வெற்றிகள்.

ஒருவர் மட்டுமே இதனைச் செய்தார் என்று எழுதுவது பிழையாகும். மோரல் இளைஞரைப்போல் ஓடக்கூடியவர் அல்லர். அவரைச் சுற்றியிருந்தோர் சுமையைப் பங்கிட்டனர். லாரி சோங்காவும் மெர்க்குரி மோரிஸும் ஆளுக்கு 1000 கஜம் பந்தோடு ஓடினர். ஒரே அணியில் இருவர் ஒரே ஆண்டில் அவ்வாறு ஓடியது அதுவே முதல் தடவை. அவர்களுக்கு வழிவிட்டு எதிரிகளைத் தள்ளி நின்றவர்களோ பெரும்பாலும் பிற அணிகள் கழித்துவிட்டவர்கள். ஜிம் லாங்கரைக் கிளீவ்லாந்து விட்டுவிட்டது. லாரி லிட்டிலைச் சான் டியேகோ கொடுத்துவிட்டது. பின்னாளில் அவ்விருவரும் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றனர். பந்தை உதைப்பவரான காரோ எப்ரீமியன் சைப்ரஸ் தீவில் அர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, 1966இல் அமெரிக்கா வந்தவர். வந்தபோது அவ்வாட்டத்தையே அறியாதவர். தம் இடக்காலை நம்பிப் பிழைப்புத் தேடிக்கொண்டார். மின்னசோட்டாவில் 51 கஜத்திலிருந்து அவர் உதைத்த உதை இல்லாவிடில் மூன்றாவது பந்தயத்திலேயே வெற்றிச் சங்கிலி அறுந்திருக்கும். அதை 16-14 என்றே வென்றனர்.

பிறகு வெளியேற்றும் பந்தயங்கள். டிசம்பர் 24 அன்று கிளீவ்லாந்தை 20-14 என்று மோரலின் தலைமையில் வென்றனர். டிசம்பர் 31 அன்று பிட்ஸ்பர்க்கில் அரையிறுதி போன்ற பந்தயம். தோல்வியே காணாத அணி ஏன் பிற ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்கலாம். எந்த ஊரில் ஆடுவது என்பது அக்காலத்தில் வெற்றிக் கணக்கைப் பொறுத்ததன்று. முறை வைத்து மாறி வந்தது. அங்கே மோரலின் கை ஓங்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு 10-7 என்று பிட்ஸ்பர்க் முந்தியது. கால் தேறிவந்த கிரீஸியை ஷுலா உள்ளே அனுப்பினார். கிரீஸி எறிந்த ஓர் எறியில் பால் வார்ஃபீல்ட் 52 கஜம் முன்னேறினார், ஆட்டம் திரும்பியது, 21-17 என்று மயாமி வென்றது.

இரண்டு வாரத்தில் இறுதிப் பந்தயம். யார் ஆடுவது? தொடர்ந்து வென்று கொடுத்த மூத்தவரா, மீண்டு வந்த இளையவரா? ஷுலா கிரீஸியையே தெரிந்தெடுத்தார். மோரலுக்கு ஆசை இல்லாமல் இருந்திருக்குமா? நான்கு ஆண்டுகளுக்கு முன் பட்ட கறையைத் துடைக்க அதைவிடத் தக்க மேடை ஏது? ஆயினும் அவர் முகம் சுளித்துக் கட்சி சேர்த்தார் என்று வரலாற்றில் இல்லை. காத்த இடத்தை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, மீண்டும் பெஞ்சியில் போய் அமர்ந்தார். அவ்வாண்டின் 17 வெற்றிகளிலும் இதுவே கடினமான வெற்றி என்பது நம் எண்ணம்.

1973 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் வாஷிங்டனை 14-7 என்று வென்றனர். முடிவதற்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் எப்ரீமியன் உதைத்த பந்து தடுக்கப்பட்டது. அதை எடுத்து அவர் எறிய முயல, கை நழுவ, எதிரி ஒருவர் பிடித்தோடி 7 புள்ளிகளுக்கு வழி செய்தார். ஊர் சிரித்தது, ஆயினும் பெயரில்லாப் படை மீதிப் பொழுதைக் காத்துவிட்டது. 17 பந்தயம், 17 வெற்றி. 1934இலும் 1942இலும் சிக்காகோ அணி எல்லாவற்றையும் வென்று இறுதியில் தோற்றது. 2007ஆம் ஆண்டுப் போட்டியில் நியூ இங்கிலாந்து 18 வெற்றி பெற்று, 2008 பிப்ரவரியில் கடைசிப் பந்தயத்தில் 17-14 என்று வீழ்ந்தது. தோல்வியோ சமநிலையோ இன்றிக் கோப்பை வரை சென்றது அக்கழகத்தில் மயாமி ஒன்றே.

இப்புகழுக்கு விலையும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. மோரல் 2014இல், 79ஆம் வயதில் காலமானார். தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் உண்டாகும் மூளைச்சிதைவு நோய் அவருக்கு முற்றிய நிலையில் இருந்ததென்று பின்னர் நடந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. 2016இல் அச்செய்தி வெளிவந்தது. அவ்வணியின் வேறு சிலரும் முதுமையில் நினைவு மங்கித் துன்புற்றனர். அமெரிக்காவில் பேரன்மாரை அவ்வாட்டத்துக்கு அனுப்பும் அன்பர்கள் இதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் இரயில்வேயில் 'லீவ் ரிசர்வ்' என்றும் 'ரெஸ்ட் கிவர்' என்றும் ஓர் இனத்தார் உண்டு. ஒருவருக்கு ஓய்வு நாள் வந்தால், காய்ச்சல் வந்தால், மகள் கலியாணம் வந்தால் அவரிடத்தில் போய் அமர்பவர்கள். இன்று ஒரு ஸ்டேஷன், நாளை மற்றொன்று. சொந்த மேஜை கிடையாது. பிறர் எழுதிய கணக்கைத் தொடர்ந்து எழுதி, மறுநாள் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பொங்கலுக்கு நாம் ஊருக்குப் போய்த் தாயார் முகம் கண்டு வருகின்றோமே, அது அவர்கள் இங்கே நம் நாற்காலியில் அமர்ந்திருப்பதால் அன்றோ? இரயில்வேயில் மட்டுமா? பிரசவத்துக்கு ஊரிலிருந்து தாய் வரமுடியாதபோது ரசம் வைத்துக் கொடுத்த அடுத்த வீட்டு மாமி, தந்தை இரவு டியூட்டிக்குப் போனபின் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எதிர்வீட்டுத் தம்பி, இவர்களெல்லாரும் பதிலுக்கு வந்தவர்களே. உற்றார் தொலைவிலிருக்கும் அயலூர் வாழ்க்கை இவர்களை நம்பியே நடக்கின்றது.

மயாமியின் வரலாற்றில் கிரீஸியின் பெயரும் உண்டு, ஷுலாவின் பெயரும் உண்டு. நடுவில் காத்துக் கொடுத்த மோரலையும் அவர்கள் விட்டுவிடவில்லை. அவ்வாண்டைப் பேசும்போதெல்லாம் அவரையும் சேர்த்தே பேசுகின்றனர். அவ்வழக்கத்தை நாமும் கைக்கொள்ளலாம். அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, நம் இடத்தில் இருந்தவருக்கென்று ஒரு பொட்டலம் அதிரசமேனும் தனியே கட்டி வருவோமாக.