ஓட்டம் தெரிந்து வண்டி வாங்கு



பழைய கார் வாங்குவதைப் பற்றி எழுதும்படி தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சாமான் ஏற்ற இடமும் வேண்டும், கியர் மாற்றும் தொல்லையும் கூடாது, டீசலாக இருந்தால் மிச்சம் என்கிறார்களே, வாங்கலாமா என்பதுதான் பெரும்பாலோர் கேள்வி. இந்த இதழில் அதையே பேசுவோம். சொல்லப்போவது கைப்பணம் கொடுத்து நான் கற்ற பாடம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பின்புறம் நீண்டு, பின்கதவு மேலே திறக்கும் காரை ஸ்டேஷன் வேகன் என்போம். வெள்ளைக்காரர்கள் அதற்கு 'எஸ்டேட் கார்' என்று பெயர் வைத்தார்கள். பண்ணை மாளிகைக்கு ரயிலடியிலிருந்து விருந்தாளியையும் பெட்டி படுக்கையையும் ஏற்றி வந்த வண்டி என்பதால் அந்தப் பெயர். நமக்கோ எஸ்டேட் என்றால் தோட்டம். அந்தக் காலத்தில் துரை வீட்டில் மட்டும் நின்ற வண்டி. அப்படிப்பட்ட வண்டியை நான் ஏன் வாங்கினேன் தெரியுமா? என் தாயாரின் சக்கர நாற்காலிக்காக.

அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள் குளுவாங்கில் ரத்தச் சுத்திகரிப்பு. சாதாரணக் காரின் பின்பெட்டியில் நாற்காலியைத் தூக்கி வைத்து என் முதுகு போய்விட்டது. வேகனின் தளம் தாழ்வானது. மடித்த நாற்காலியை அப்படியே உள்ளே தள்ளலாம். நான் இல்லாத நாளில் மருமகள் ஓட்ட வேண்டும், அவள் ஆட்டோமேட்டிக்தான் பழகியவள். இது வரைக்கும் என் யோசனை சரிதான். டீசல் என்று முடிவு செய்தேனே, அங்கேதான் சறுக்கினேன். மனைவி பல மாதம் கட்டி எடுத்த கூட்டுப் பணமும் அதில் சேர்ந்திருந்தது.

நான் போட்ட கணக்கைக் கேளுங்கள். அது 2023-ஆம் ஆண்டின் கடைசி. டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசு. பெட்ரோல் 2 வெள்ளி 5 காசு. என் பழைய பெட்ரோல் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடித்தது. டீசல் வேகனுக்கு 8 லிட்டர் போதும். ஆக நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 22 வெள்ளி 55 காசு, டீசல் செலவு 17 வெள்ளி 20 காசு. 5 வெள்ளி 35 காசு மிச்சம் என்று மகிழ்ந்தேன். ஆனால் மாதத்தில் நான் எவ்வளவு தூரம் ஓட்டுகிறேன் என்று கேட்க மறந்தேன். மருத்துவ நிலையம், சந்தை, கோயில், பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள். மாதம் 600 கிலோமீட்டர் தேறினால் அதிகம். அப்படியானால் என் மிச்சம் மாதத்துக்கு வெறும் 32 வெள்ளி!

வண்டி வாங்கி ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. அம்மாவை ஏற்றிக்கொண்டு பாதி வழி போயிருப்பேன். முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி மாட்டு வண்டி வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் செம்பனை லாரிகள் ஹார்ன் அடிக்கின்றன. அம்மா ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அவர் வேனில் போய்ச் சேரும்போது ஒரு மணி நேரம் தாமதம். நல்லவேளை, தாதியர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அன்று என் நெஞ்சு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பட்டறைத் தம்பி கணினியைப் பூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, வண்டி நல்ல வண்டிதான். நீங்க ஓட்டுற ஓட்டந்தான் அதுக்குப் பத்தல" என்றார்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிய வைப்பது அதன் முறை. அதனால் எண்ணெய் குறைவாகச் செலவாகும். ஆனால் கரி உண்டாகும். ஐரோப்பாவில் 2009-இல் யூரோ 5 விதி வந்த பிறகு, அங்கே செய்யப்படும் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி வழக்கமாகிவிட்டது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். வண்டி நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது சீராக ஓட வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். கரி அடைத்துக்கொள்ளும். எரிக்க முயன்று பாதியில் நின்ற எண்ணெயோ எஞ்சின் எண்ணெயில் போய்க் கலக்கும். குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, உணர்கருவி மாற்றி, எண்ணெயும் மாற்றியதில் 1,800 வெள்ளி. மாதம் 32 வெள்ளி மிச்சம் பிடிக்க வந்தவனுக்கு அது 56 மாத மிச்சம்!

அறுபது எழுபதுகளில் மெர்சிடிஸ் டீசல் கார்கள் வெளியூர் டாக்சிகளாக ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டீசல் என்றால் உழைக்கும் என்ற பெயர் அவற்றால் வந்தது. அந்த எஞ்சின்களில் வடிகட்டி கிடையாது. அதோடு அவை நாள் முழுக்க நெடுந்தூரம் ஓடின. ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வாசலில் தூங்கவில்லை. பெயரைக் கேட்டோம், ஓட்டத்தைப் பார்க்கவில்லை.

விலைக் கணக்கும் நிலையாக நிற்கவில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசு ஆயிற்று. என் நூறு கிலோமீட்டர் செலவு 26 வெள்ளி 80 காசுக்கு ஏறியது. பெட்ரோலைவிட 4 வெள்ளி 25 காசு அதிகம். தகுதியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கு 'புடி மடானி' திட்டத்தில் மாதம் 200 வெள்ளி தந்தார்கள். எனக்கும் கிடைத்தது, நன்றி. பிறகு 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் 1 வெள்ளி 99 காசு என்று ஆனது. இரண்டு ஆண்டுக்குள் இத்தனை மாற்றம். ஆகவே விலையையோ உதவித் தொகையையோ நம்பி எஞ்சினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவை அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. உங்கள் ஓட்டம் ஒன்றுதான் உங்கள் கையில் இருப்பது.

அப்படியானால் டீசல் வேகன் யாருக்கு ஏற்றது? லாபிஸிலோ சிகாமட்டிலோ வீட்டை வைத்துக்கொண்டு ஜொகூர் பாருவில் வேலை பார்த்து, வாரா வாரம் நெடுஞ்சாலையில் போய் வருபவருக்கு ஏற்றது. குடும்பத்தோடும் சுமையோடும் நெடுந்தூரம் போகிறவருக்கு ஏற்றது. லயத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய் வருபவர் பெட்ரோல் வண்டியே பாருங்கள். ஒரு மாதம் ஒரு நோட்டில் உங்கள் ஓட்டத்தைக் குறித்து வையுங்கள். எத்தனை கிலோமீட்டர், ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம் என்று இரண்டும் வேண்டும். அதன் பிறகு வண்டிக் கடைக்குப் போங்கள்.

கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? இதோ.

முதலில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நில்லுங்கள். மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட வைத்திருக்கிறார்கள்; இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிரில் தட்டுத் தடுமாறி எழும் எஞ்சினின் குறை, சூட்டில் மறைந்துவிடும். எண்ணெய்க் குச்சியை எடுத்து, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது கியர் பெட்டி. பிரேக்கை மிதித்துக்கொண்டு முன் கியருக்கும் பின் கியருக்கும் மாற்றுங்கள். உடனே பிடிக்க வேண்டும். யோசித்துப் பிடித்தாலோ 'டொக்' என்று உதைத்தாலோ வேண்டாம். மேட்டில் ஏற்றிப் பாருங்கள். ரோட்டில் வரிக்கல் இருப்பது போல் வண்டி நடுங்கக் கூடாது. கியர் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லும் விற்பனைக்காரரை நம்பாதீர்கள். நம் நாட்டு வெயிலுக்கும் நெரிசலுக்கும் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. முன்பு எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீதைக் கேளுங்கள்.

மூன்றாவது, வெள்ளம். 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட், குளுவாங் வட்டாரங்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. நனைந்த வண்டிகளும் துடைத்து மெருகேற்றி விற்பனைக்கு வரும். வேகனில் பின்தளப் பலகையைத் தூக்கி, உதிரிச் சக்கரம் இருக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடோ, பூஞ்சை வாடையோ, இருக்கைக்கு அடியில் துருவோ இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

நான்காவது, ஆண்டு. நம் நாட்டில் யூரோ 5 டீசல் முதலில் விற்பனைக்கு வந்தது நம் ஜொகூரில்தான், 2014-இல். நாடு முழுவதும் அது கட்டாயமானது 2021 ஏப்ரலில். அதற்கு முன் விற்ற சாதாரண டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருந்தது. யூரோ 5-இல் 10 பங்குதான். வடிகட்டி உள்ள பழைய வண்டி என்றால் அது எந்த எண்ணெயைக் குடித்து வளர்ந்தது என்று கேட்பதில் தப்பில்லை.

ஐந்தாவது, சாலை வரி. 2008 செப்டம்பருக்கு முன் டீசல் காருக்கு வரி கூடுதல். அந்த மாதம் பெட்ரோலுக்குச் சமமாக்கினார்கள். ஆனால் தீபகற்பத்தில் தனியார் காருக்கு எஞ்சின் அளவுதான் கணக்கு. 2,000 சிசி என்றால் 380 வெள்ளி. 2,200 சிசி என்றால் 580. சிறு வித்தியாசம் என்று நினைத்தால் ஆண்டுக்கு 200 வெள்ளி.

பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் சோதனை உண்டு. எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் சரியா, சாலையில் ஓடத் தகுதியா என்று அங்கே பார்ப்பார்கள். கியர் பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். நூறு இருநூறு வெள்ளி பார்த்து ஆயிரக்கணக்கில் இழக்காதீர்கள்.

வாங்கிய பிறகும் கவனம் தேவை. போக்குவரத்து டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலப்பது 2019-இல் கட்டாயமானது. நம் கையால் வெட்டிய குலை நம் வண்டியிலேயே எரிகிறது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அது ஈரத்தை இழுக்கும். பழைய தொட்டியின் அழுக்கையும் கிளப்பிவிடும். ஆகவே எரிபொருள் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுங்கள். செம்மண் பாதையில் ஓடுகிறவர்கள் காற்று வடிகட்டியை அடிக்கடி தட்டிப் பாருங்கள். கரி வடிகட்டியைக் குடைந்து வெறும் குழாயாக்கித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அந்தப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும்.

என் வண்டி என்ன ஆயிற்று என்கிறீர்களா? விற்கவில்லை. விற்றால் இன்னும் நஷ்டம். அதோடு அம்மாவின் நாற்காலிக்கு அதைவிட வசதியான வண்டி இல்லை. ஞாயிறு தோறும் ஆயர் ஹீத்தாமில் நெடுஞ்சாலை ஏறி, கூலாய் வரை சீராக ஓட்டி, தேநீர் குடித்துத் திரும்புகிறோம். அதன் பிறகு மஞ்சள் விளக்கு எரியவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஊசியோடு படுத்திருக்கும் அம்மாவுக்கும் அது ஒரு மாற்றம். சன்னல் ஓரம் உட்கார்ந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்த நிலங்களைக் காட்டிக்கொண்டே வருவார்.

முதல் ஞாயிறு, இது எதற்கு என்று அம்மா கேட்டார். வடிகட்டி, கரி, அடைப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப இதுக்கும் என் நோவுதான். எனக்கு வாரம் மூணு தடவ, இதுக்கு ஒரு தடவ. தவறாமக் கூட்டிட்டுப் போப்பா."

தவறாமல் கூட்டிப் போகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ச் செலவையும் என் கணக்கு நோட்டில் எழுதத்தான் செய்கிறேன். நீங்கள் வாங்குவதற்கு முன்பே எழுதிப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.