பெயரும் பிரதிப்பெயரும்

நமுனுகுலப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் மாணவி ஒருத்தி எழுதிய ஆங்கிலக் கட்டுரை அண்மையில் நம் பார்வைக்கு வந்தது. தலைப்பு, ‘எங்கள் மலை’. மலை ஊவா மாகாணத்தில் உள்ளது, 2,036 மீற்றர் உயரமானது, அதன் சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்பது பொருள், சரிவெங்கும் தேயிலை என எட்டு வாக்கியங்கள். செய்தியிலும் பிழையில்லை, இலக்கணத்திலும் பிழையில்லை. ஆயினும் எட்டு வாக்கியங்களும் ‘நமுனுகுல’ என்றே தொடங்கின. முற்காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு அழைத்த தப்பின் ஓசையைப் போல, அந்த ஒரே சொல் காதில் விழுந்துகொண்டேயிருந்தது.

பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக நின்று அதன் வேலையைச் செய்யும் சொல்லே பிரதிப்பெயர் என்பதை மாணவர் அறிவர். ‘நமுனுகுல’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த இரண்டு மூன்று வாக்கியங்களை ‘இட்’ என்னும் சிறு சொல் சுமந்துகொள்ளும். அப்படியானால் எட்டிலும் ஏழை மாற்றிவிடலாமே என்று சிலர் துணிவர். அங்கேதான் இடர் தோன்றுகிறது. ‘மலை தோட்டத்துக்கு மேலே நிற்கிறது, அது மிகப் பழையது’ என்று எழுதினால் பழையது மலையா, தோட்டமா? இடையில் வேறொரு பொருள் வந்து புகுந்தவுடன், முன்னைய பெயரை மீண்டும் சொல்லிவிடுவதே நேர்மையான வழி.

இது வெறும் பள்ளிக்கூடச் சங்கதியன்று. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியைக் கோரி, மகனொருவன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறான் என்று கொள்வோம். ‘என் தந்தையும் சிறிய தந்தையும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தனர். அவர் 1998இல் காலமானார். அவருடைய பணம் இன்னும் கிடைக்கவில்லை.’ காலமானவர் யார்? பணம் எவருடையது? வீட்டாருக்குத் தெரியும், மேசைக்கு அப்பால் இருக்கும் எழுதுவினைஞருக்குத் தெரியாது. விளக்கம் கேட்டு மறுகடிதம் வரும், மாதங்கள் ஓடும். தோட்டங்களிலோ ஒரே பெயருடையோர் பலர். இத்தகைய கடிதத்தில் முழுப்பெயரையும் பதிவு இலக்கத்தையும் பத்துமுறை எழுதினாலும் குற்றமில்லை. உறுதிப்பத்திரம் எழுதும் சட்டத்தரணிகள் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவதும் இதன் பொருட்டேயன்றி, நடையழகு அறியாமையால் அன்று. (ஒரு நாள் வேலையையே ‘பேர்’ என்றும், பாதி நாள் வேலையை ‘அரைப்பேர்’ என்றும் கணக்கிடும் மலைநாட்டு மக்களுக்குப் பெயரின் மதிப்பை நாம் சொல்லவேண்டியதில்லை.)

நம் பிள்ளைகள் வழுக்கும் இடம் மற்றொன்றும் உண்டு. ‘அம்மா வந்தாங்க’ என்று பேசிப் பழகிய நா, ஆங்கிலத்திலும் அம்மாவுக்கு ‘தே’ என்று பன்மை கொடுத்துவிடுகிறது. மரியாதை நல்லதுதான். ஆனால், படிக்கும் ஆங்கிலேயர் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்குவார்! பெரிய கங்காணிக்கும் ‘ஹீ’, அவருடைய பேரனுக்கும் ‘ஹீ’. அம்மாவுக்கும் ‘ஷீ’, தங்கைக்கும் ‘ஷீ’. அம்மொழியில் அது அவமதிப்பு ஆகாது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைக் குறிக்க ஆங்கிலேயரும் ‘தே’ என்பதை ஒருமையில் வழங்குவதுண்டு. அதுவும் பல நூற்றாண்டுப் பழக்கமே. அது வேறு, மரியாதைப் பன்மை வேறு.

பிரதிப்பெயரில் தமிழுக்குள்ள செல்வம் ஆங்கிலத்துக்கு இல்லை என்று நாம் கூறினால், அது வெறும் மொழிப்பற்று அன்று. கேட்பவரையும் சேர்த்து ‘நாம்’ என்கிறோம். விலக்கி ‘நாங்கள்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் ‘வீ’ தான். ‘தான் சித்தியடைந்ததாக இராமன் கண்ணனிடம் கூறினான்’ என்றால் சித்தியடைந்தவன் இராமனே, ஐயத்துக்கு இடமில்லை. இதையே ஆங்கிலத்தில் ‘ஹீ’ போட்டு எழுதினால், அது இராமனா கண்ணனா என்ற வழக்கு எழும். ‘நான் சித்தியடைந்துவிட்டேன்’ என்று இராமன் வாயாலேயே சொல்லவைத்து, மேற்கோட்குறிக்குள் அடைப்பதே அங்கு எளிய வழி.

முதலில் வரவேண்டியது பெயரா, பிரதிப்பெயரா? தொல்காப்பியர் இதைச் சொல்லதிகாரத்தில் ஆராய்ந்திருக்கிறார். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து வரும்போது இயற்பெயர் முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வரவேண்டும் என்பது அவர் விதி. சுட்டுப்பெயர் முந்துவதற்குச் செய்யுளில் மட்டும் இடமளித்தார். ஆங்கிலமோ உரைநடையிலேயே இதை அனுமதிக்கிறது. ‘அவன் பதுளையை அடைந்தபோது, இராமன் களைத்திருந்தான்’ என்ற அமைப்பு அங்கே இயல்பானது. அவனும் இராமனும் ஒருவனே என்று படிப்பவர் கொள்வர். தமிழிலோ அவன் வேறு எவனோ என்றே தோன்றும். ஆங்கில நூலைத் தமிழாக்கும் மாணவர் இதனை மறக்கலாகாது.

இவ்வாரப் பயிற்சி: ‘கங்காணி கணக்கப்பிள்ளையிடம் அவருடைய குடை லயத்தில் இருப்பதாகச் சொன்னார்.’ குடை கங்காணியுடையது எனத் தெளிவாகுமாறு ஒரு முறையும், கணக்கப்பிள்ளையுடையது எனத் தெளிவாகுமாறு ஒரு முறையும் இதனை ஆங்கிலத்தில் எழுதுக. எந்தப் பெயரையும் இரு தடவைக்கு மேல் வழங்கலாகாது.