கூச்சத்தைக் கீழே போடு! இரும்பைத் தூக்கு!

உடற்பயிற்சிக் கூடத்தின் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் சென்னையில் எத்தனை பேர்? எல்லாரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்தால் மெரினா கடற்கரை கொள்ளாது!

வருவார்கள். உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடி முன் புஜத்தைப் புடைத்துக்கொண்டு நிற்கும் வாலிபர்களைப் பார்த்ததும், தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த 'நாளை' வந்ததே இல்லை.

சோம்பலைக்கூட விரட்டிவிடலாம். கூச்சம்தான் பெரிய வில்லன்!

யார் சிரிப்பது?

"இந்த வயசிலே இவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஊர் சிரிக்குமாம். சிரிக்கட்டுமே! உள்ளே பளு தூக்குகிற ஆசாமிக்கு எத்தனை தடவை தூக்கினோம் என்று எண்ணவே மூச்சு போதவில்லை. உங்கள் தொந்தியைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? அப்படியே பார்த்தாலும் இரண்டு நாள். மூணாம் நாள், "முதுகை வளைக்காதீங்க சார்" என்று அவரே சொல்லிக் கொடுப்பார்.

"பொம்பளைக்கு எதுக்கு இரும்பு?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில், கர்ணம் மல்லேஸ்வரி. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இரண்டு முறையிலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான்!

செய்தியாகாத விபத்து

நிருபர் வேலையில் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. லாரி மோதியவர், கத்திக்குத்து பட்டவர் எல்லாம் பேப்பரில் வந்துவிடுவார்கள். ஆனால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர்? அவரைப் பற்றி ஒரு வரி வராது. பெற்ற பிள்ளைகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

நடு வயதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தொடையில் பலம் இல்லை என்றால், தடுமாறும்போது கால் தாங்காது.

கரைந்த பலம் திரும்புமா? திரும்பும்! அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டியவர்களுக்கு டாக்டர்கள் 8 வாரம் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. 1990-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. 90-ல் முடியும் என்றால் 45-ல் முடியாதா?

வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொல்லியிருக்கிறது.

வீட்டிலேயே தொடங்கலாம்

கூட்டத்தைப் பார்த்துக் கூச்சமா? வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் 10 தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ; அதுதான் உங்கள் முதல் இரும்பு! ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். மூச்சை அடக்கக் கூடாது. பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரே மாசத்தில் புஜம் வரும் என்று யாராவது ஊசியை நீட்டினால் ஓடி வந்துவிடுங்கள்!

மாநகராட்சி கவனிக்குமா?

பூங்காக்களில் பயிற்சிக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தர ஆள் இல்லாவிட்டால், அது குழந்தைகள் ஏறி விளையாடும் ஊஞ்சல்தான். காலையில் ஒரு மணி நேரம் ஒரு பயிற்சியாளர், பெண்களுக்குத் தனி நேரம். இந்த இரண்டையும் எல்லா வட்டத்திலும் செய்து பார்க்கட்டும். பாதிப் பேரின் கூச்சம் பறந்துவிடும்.

மீதிப் பேருக்கு ஒரு வார்த்தை. தூக்குகிறவர் ஆபீசரா, கூலியா, ஆம்பளையா, பொம்பளையா என்று இரும்பு கேட்பதில்லை. யாரைப் பார்த்தும் அது சிரிப்பதும் இல்லை!