சாவி நம்ம கையில, பூட்டு யார் கையில?

போன மாசம் மாமாவோட காருக்கு இறக்குவானையில புது பெட்டரி போட்டோம். கார் ஸ்டார்ட் ஆச்சு, செட் மட்டும் திறக்கல. திரையில ஜப்பான் எழுத்து, நீளமா ஒரு இலக்கம், கோட் கேட்டு நிக்குது. ரிவர்ஸ் கெமராவும் அதோட போச்சு. இரத்தினபுரியில ஒரு கடையில கோட் அடிச்சுக் கொடுத்தாங்க. மூணு நிமிஷ வேலை. வாங்கின காசு, மலையில கொழுந்து பறிக்கிறவங்களுக்கு மூணு நாள் முழுப்பேரு.

"திருட்டுப் பாதுகாப்பு தம்பி"ன்னாங்க. யாரிடமிருந்து பாதுகாப்பு? சொந்தக்காரரிடமிருந்தா?

செட்டோட முடிஞ்சா பரவாயில்ல. இம்மொபிலைசர் இஞ்சினையே பூட்டுது. சாவிக்குள்ள இருக்கிற சிப்போட கோட் பொருந்தலன்னா இஞ்சின் ஓடாது. இருக்கிற ஒரே சாவி தொலைஞ்ச ராத்திரி, தோட்டத்துல ஒருத்தருக்கு நெஞ்சுவலி வந்தா?

இம்மொபிலைசர் வேணாம்னு சொல்லல. அது இல்லாத கியா, ஹூண்டாய் கார்களை அமெரிக்காவுல யூஎஸ்பி வயர் முனையை வச்சே திருடினாங்க. பூட்டு அவசியம்தான். ஆனா அதை மீளமைக்கிற வழியைச் சொந்தக்காரரிடம் மறைக்கிறது பாதுகாப்பு இல்ல, வியாபாரம்.

"கோட் வெளிய போனா திருடனுக்கு வசதி"ம்பாங்க. மெகமோஸ் என்ற சாவிச் சிப்பின் ஓட்டையை ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சப்போ, 2013ல ஃபோக்ஸ்வேகன் இங்கிலாந்து நீதிமன்றத்துல தடை வாங்கிச்சு. கட்டுரை 2015லதான் வெளிவந்தது. அந்த ரெண்டு வருஷமும் ஓட்டை அப்படியேதான் இருந்துச்சு. தெரியாம இருந்தது கார் வச்சிருந்தவங்களுக்குத்தான். ரகசியம் பூட்டைப் பலமாக்காது. பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் காட்டுறவங்களுக்குக் கோட் கொடுத்தா எந்தத் திருடன் பிழைப்பான்?

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மக்கள் 2012லயே வாக்குப்போட்டு, பழுதுபார்க்கும் தகவல் வெளிக் கராஜ்களுக்கும் கிடைக்கணும்னு சட்டம் கொண்டுவந்தாங்க. 2020ல இறக்குமதி நின்னதுலயிருந்து பழைய கார்களையே ஓட்டிக்கிட்டு வந்த நாட்டுல, நாம அதைக் கேட்கக்கூட இல்ல.

கேட்போம். கார் விற்கிறவர் ரெண்டாவது சாவி, செட் கோட், மீளமைக்கும் முறை மூணையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கணும். சட்டம் வரும்வரை, கொடுக்காதவரிடம் முற்பணம் கட்டாதீங்க. செட்டோட இலக்கத்தை இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க. கராஜ்ல வேலை பழகுற தம்பிமார் நட்டு முடுக்கறதோட நிக்காம, ஸ்கேனரும் சாவி பதியறதும் கத்துக்கணும்.

உறுதி இல்லாத லயத்துல தலைமுறை தலைமுறையா இருந்தவங்க நாம. "இருந்துக்கோ, ஆனா உனக்குச் சொந்தமில்ல" என்ற பேச்சை நல்லாவே அறிவோம். காசு கொடுத்து வாங்கின காரிலயும் அதையே கேட்கணுமா?