துரியோதனனுக்கும் ஓர் ஒப்பாரி

கலை மனிதரை இணைக்கும் என்று மேடைதோறும் சொல்லி வருகிறோம். கல்லூரி விழாக்களில் நாமும் இதனைப் பலமுறை சொல்லிக் கைதட்டல் பெற்றதுண்டு. எவ்வாறு இணைக்கும், யாரை இணைக்கும் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டது குறைவு. மாணவர் சிலருடன் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் படுகளம் காணச் சென்ற காலைப் பொழுதில்தான் அக்கேள்வி நம்மைப் பற்றிக்கொண்டது.

வட தமிழகத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களைப் பலரும் அறிவர். பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடியுமட்டும் தெருக்கூத்து. இறுதியில், ஊர்ப் பொதுவெளியில் மண்ணால் சமைத்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். வீமன் தொடையைப் பிளக்கிறான். பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிக்கிறாள். கதை அங்கே முடிந்துவிடவில்லை. வீழ்ந்தவனுக்காக ஒப்பாரி எழுகிறது. இரவெல்லாம் அவனை ஏசிய ஊர், காலையில் அவன் தலைமாட்டில் நின்று அழுகிறது. அந்த அழுகையில் தத்தம் வீட்டுச் சாவுகளையும் சேர்த்தே பெண்கள் அழுகிறார்கள் என்பது அருகில் நின்று கேட்டால் விளங்கும். பகைவனின் தாயும் தாய்தான் என்பதை எந்த நீதிநூலும் இத்துணை எளிதாகச் சொல்லித் தந்ததில்லை.

வேடம் புனைபவர்க்கு இது இன்னும் நெருக்கமான அனுபவம். துகிலுரிதல் கூத்தில் துச்சாதனனாக வருபவர், சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் பொறுத்தருள வேண்டும் வழக்கம் உண்டு. இதனைப் பக்தி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அக்கொடுமை வேடத்தில் மட்டும் இருப்பதன்று, தனக்குள்ளும் இருக்கக்கூடியது என்று உணர்ந்த கலைஞனின் அச்சமும் அதில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. தன்னை அறிதல் என்று வகுப்பறையில் நாம் விரித்துரைப்பதை அவர் ஒரு கணத்தில் செய்து முடிக்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நெஞ்சை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதே விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதியில், தலித் மக்கள் திரௌபதியம்மன் கோயிலுக்குள் செல்வதைத் தடுத்ததால் எழுந்த பூசலில், 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் அக்கோயிலுக்கு முத்திரையிட்டனர். சபையில் இழிவுபடுத்தப்பட்டு நீதி கேட்ட ஒருத்தியின் கோயில் அது. எதிரிக்கும் அழக் கற்றுத்தரும் ஒரு மரபு, பக்கத்துத் தெருக்காரரை வாசலில் நிறுத்தியதை எவ்வாறு புரிந்துகொள்வது?

நாம் கண்ட விடை இதுதான். கலை தானாகவே யாரையும் இணைப்பதில்லை. பிறர் இடத்தில் நின்று பார்க்க அது நமக்கு ஓர் இரவு வாய்ப்பளிக்கிறது, அவ்வளவே. விடிந்தபின் அந்த இடத்தை விட்டு இறங்கி வருவதும், அதனை வாழ்வுக்குள் கொண்டுசெல்வதும் நம் கையில் இருக்கின்றன. வட்டத்துக்குள் ஏற்கெனவே இருப்பவர்களை மட்டும் நெருக்கமாக்குமானால், அது சமூகத்தை வளர்க்கவில்லை. பழைய வேலியைப் புதுப்பித்திருக்கிறது.

வேலியைத் தாண்டிய முன்மாதிரிகளும் நம்மிடம் உண்டு. சிறுபத்திரிகைச் சூழலிலிருந்து வந்த ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்ததோடு நிற்கவில்லை. 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கி, நவீன நடிகர்களைக் கூத்தின்முன் மாணவராக அமர்த்தினார். படித்தவர் கற்பிப்பவர், கூத்தாடி காட்சிப்பொருள் என்ற வரிசை அங்கே தலைகீழாயிற்று.

நம் கல்லூரிகளோ கூத்தைப் பத்து நிமிடப் போட்டியாகச் சுருக்கி மதிப்பெண் போடுகின்றன. கூத்துக் குடும்பத்துப் பிள்ளை தன் தகப்பனார் தொழிலை வகுப்பில் சொல்லக் கூசுகிறான். பரிசுக் கோப்பை அந்தக் கூச்சத்தைப் போக்காது. அவன் தகப்பனாரைப் பாரதம் கற்பிக்க வகுப்பறைக்கு அழைத்து, அவர் நிற்க, நாம் மாணவரோடு கீழே அமர்ந்து கேட்கலாம். அன்று எந்தத் தெருவிலிருந்தும் வந்தவர் எவரும் வாசலில் நிற்கவில்லை என்பதையும் ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். கலை இணைக்கும் என்று மேடையில் சொல்லும் உரிமை அதன்பிறகே நமக்கு வரும்.